பின் சீட் காலி!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. ஃபேமிலியோட கொடைக்கானல் கிளம்பியாச்சு. கார் ஜன்னல்ல மூக்கை நீட்டிக்கிட்டு வர்ற ஆளு மட்டும் இந்த வருஷம் இல்லை. 'நாய்தானே... வேற வாங்கிக்கலாம்'னு மாமா சொல்றார். உங்களுக்குத் தொண்டையை அடைக்குதா?

நீங்க ஓவரா ஃபீல் பண்ணலை ஃப்ரெண்ட்ஸ்! லேப்ரடாரோட ஆயுசு சுமார் 10-லிருந்து 12 வருஷம். ஸ்கூல் யூனிஃபார்ம்ல நீங்க தூக்கிட்டு வந்த குட்டி, பெரும்பாலும் நீங்க காலேஜ்ல இருக்கும்போதுதான் போகும். அதுக்கு லீவும் கிடையாது, பதினாறாம் நாள் காரியமும் கிடையாது. ஊர் மதிக்காத இந்த மாதிரி துக்கத்துக்குத் தனிப் பெயரே வெச்சு, 1989-ல் புத்தகம் போட்டார் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா.

சரி, என்ன பண்ணலாம்? ட்ரிப்பை கேன்சல் பண்ணாதீங்க. வழக்கமா அதுக்கு பன் வாங்குற டீக்கடையில வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அதோட பேரைச் சொல்லி, பேச்சை நீங்களே ஆரம்பிங்க. 'பிள்ளைங்க அழும்'னு அம்மாவும், 'அம்மா அழுவாங்க'னு நீங்களும் வாயை மூடிக்கிட்டா, ஆளாளுக்கு பாத்ரூம்ல போய் அழ வேண்டியதுதான். புதுக்குட்டிக்கு அவசரம் வேண்டாம். வீட்ல எல்லாரும் 'சரி' சொல்லட்டும். சாப்பாடு, தூக்கம் இல்லாம வாரக்கணக்கா ஓடினா, காலேஜ் கவுன்சலரைப் பாருங்க. 'ஒரு நாய்க்காகவா வந்தே?'னு அவர் சிரிக்க மாட்டார்!