பல்கலைக்கழக இடம் கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



ஆறாம் படிவத்தில் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில், வேலை முடிந்து தேநீர் ஆற்றும் வேளையில் ஒரு கேள்வி எழும். "புள்ளைக்கு யூனிவர்சிட்டி கிடைக்குமா?" என்பதே அது. இதற்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "நல்லா படிச்சா கிடைக்கும்" என்பது. மற்றொன்று, "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போறான்?" என்பது. முதல் பதிலை நம்பியவர்கள் விண்ணப்பத்தை அசட்டையாக நிரப்புகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் விண்ணப்பமே போடாமல் பிள்ளையைத் தொழிற்சாலை வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு பதிலிலும் கணக்கு இல்லை. இன்று சி ரூசா, லுக்குட், லிங்கி வட்டாரத் தோட்டத்துப் பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன விகிதப்படி இடங்கள் பங்கிடப்பட்டன. 2002-ஆம் ஆண்டிலிருந்து தகுதிப் புள்ளி முறை வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்திற்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. ஒன்று எஸ்.டி.பி.எம்., மற்றொன்று மெட்ரிகுலேஷன், இன்னொன்று டிப்ளோமா. எந்த வாசலில் யாருக்கு எத்தனை இடம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதைப் பேசுகிறவர்கள் பேசட்டும், பேசவும் வேண்டும். பிள்ளையின் விண்ணப்பம் அதுவரை காத்திருக்க முடியாது.

எஸ்.டி.பி.எம். மாணவரின் தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 பங்கு தேர்வுக்கு. 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. தேர்வின் சராசரி 4.00 வரை செல்லும். 'ஏ' என்றால் 4.00, 'ஏ மைனஸ்' 3.67, 'பி பிளஸ்' 3.33, 'பி' 3.00 என்று படிப்படியாக இறங்கும்.

ஒரு மாணவி பொது அறிவு, தமிழ், வரலாறு, பொருளியல் என நான்கு பாடம் எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ஏ, வரலாற்றில் ஏ மைனஸ், பொது அறிவில் பி பிளஸ், பொருளியலில் பி. கூட்டினால் 14.00, நான்கால் வகுத்தால் 3.50. இதை மீண்டும் நான்கால் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள்: 78.75 வரும். இனிப் புறப்பாடப் புள்ளியைச் சேர்க்க வேண்டும். பத்துக்கு 8 வாங்கியிருந்தால் மொத்தம் 86.75. வெறும் 5 வாங்கியிருந்தால் 83.75.

இந்த மூன்று புள்ளியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பாடத்தில் 'பி'-யிலிருந்து 'பி பிளஸ்'-க்கு ஏறினால் தகுதிப் புள்ளி எவ்வளவு கூடும்? இரண்டு கூட இல்லை, ஏறத்தாழ 1.86 தான். ஆக, புறப்பாடத்தில் இழந்த மூன்று புள்ளியை ஈடுகட்ட ஒரு பாடத்தில் இரண்டு படி ஏற வேண்டியிருக்கிறது. பொருளியலில் இரண்டு படி ஏறுவது எத்தனை இரவுக் கண்விழிப்பு என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே தோற்கிறார்கள்? பெரும்பாலும் இங்கேதான். பள்ளி முடிந்ததும் பஸ் புறப்பட்டுவிடும். அடுத்த பஸ்ஸுக்குக் காசும் இல்லை, இருட்டிவிடும் என்ற பயமும் உண்டு. பெண் பிள்ளையாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சாரணர் இயக்கம், செம்பிறைச் சங்கம், பூப்பந்து எல்லாம் "விளையாட்டுத்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது விளையாட்டல்ல, நூற்றுக்குப் பத்து. நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் ஒரு வேனுக்குப் பணம் போட்டால், அது டியூஷனுக்குக் கொடுக்கிற பணத்தைவிட அதிகப் பலன் தரலாம். வருகைப் பதிவும், வகித்த பொறுப்பும், போட்டிகளில் பெற்ற நிலையும் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பிள்ளை ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எஸ்.டி.பி.எம். இப்போது மூன்று பருவங்களாக நடக்கிறது. 2012 முதல் இந்த முறைதான். முதல் பருவத்தில் சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று பொருளல்ல. முதல் இரண்டு பருவத் தேர்வுகளைத் திரும்ப எழுத வாய்ப்புண்டு. இது தெரியாமலே முதல் பருவ முடிவைக் கண்டு படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதோடு முயெட் என்னும் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். துறைக்கேற்ப எந்த நிலை வேண்டும் என்பது மாறும்.

சரி, 86.75 வந்துவிட்டது. இது போதுமா?

இங்கேதான் "குறைந்தபட்சத் தகுதி" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. பல்கலைக்கழகத்தின் பொது நிபந்தனை 2.00 சராசரிதான். எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் கிரெடிட்டும், 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சியும் வேண்டும். இவை வாசலில் நிற்க அனுமதிக்கும். உள்ளே உட்கார நாற்காலி தராது. நாற்காலி எத்தனை, கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதே மீதிக் கதை. 4.00 வாங்கியும் கேட்ட துறை கிடைக்கவில்லை என்ற செய்தியை அடிக்கடி கேட்கிறோம். மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற துறைகளில் உச்சப் புள்ளிக்காரர்களே ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். சில துறைகளில் நேர்முகத் தேர்வும் உண்டு. அழைப்பு வந்து போகாவிட்டால் அந்தத் துறை போனதுதான்.

யூ.பி.யூ. என்னும் மத்திய விண்ணப்பப் பிரிவின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் சராசரித் தகுதிப் புள்ளி போட்டிருப்பார்கள். முந்தைய சேர்க்கையில் உள்ளே போனவர்களின் சராசரி அது. சராசரி என்றால் அதற்குக் கீழே வாங்கியவர்களும் உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே உங்கள் பிள்ளை 86.75 வைத்திருக்க, துறையின் சராசரி 88 என்றிருந்தால் பயந்து விட்டுவிட வேண்டாம். 97 என்றிருந்தால் அதை நம்பி உட்காரவும் வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு இந்த எண் ஏறி இறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விண்ணப்பத்தில் பன்னிரண்டு தேர்வுகள் வரை எழுதலாம். பன்னிரண்டிலும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெரிய துறைகளையே எழுதுவது, ஒரே குளத்தில் பன்னிரண்டு தூண்டில் போட்ட கதை. மேலே மூன்று நான்கு இடம் ஆசைக்கு. நடுவில் நான்கைந்து இடம் பிள்ளையின் புள்ளிக்கு நெருங்கிய துறைகளுக்கு. கடைசியில் மூன்று இடம், நிச்சயம் எட்டக்கூடியதும் கிடைத்தால் உண்மையிலேயே போகக்கூடியதுமான துறைகளுக்கு. இந்தக் கடைசி மூன்றில்தான் கவனம் வேண்டும். பிடிக்காததை நிரப்பிவிட்டு, அதுவே கிடைத்ததும் அழுவதில் பயனில்லை. தமிழில் நல்ல தேர்ச்சி உள்ளவர்களுக்கு 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்வித் துறையும் இருக்கின்றன. அவற்றை இளப்பமாக நினைக்கிறவர்கள் வேலை தேடிப் பார்த்தவர்கள் அல்லர்.

இலங்கையில் வேறு விதம். அங்கே பெரும்பாலான துறைகளில் நாடு தழுவிய தகுதிக்கு 40 விழுக்காடும், மாவட்ட அடிப்படையில் 55 விழுக்காடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 விழுக்காடும் ஒதுக்குகிறார்கள். நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தன் மாவட்டத்தாரோடு போட்டியிடுகிறது. நம் பிள்ளையின் தகுதிப் புள்ளியிலோ தோட்டத்திலிருந்து வந்தது என்பதற்குத் தனிப் புள்ளி கிடையாது.

ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்திற்கு மெட்ரிகுலேஷன். நம் மாநிலக் கல்லூரி குவாலா பிலாவில் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு, விடுதி வசதி உண்டு. பூமிபுத்திராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விகிதம் இதில் நெடுநாளாக இருந்து வந்தது. 2019-இல் மொத்த இடம் 25,000-லிருந்து 40,000 ஆக்கப்பட்டபோதும் விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்துவிட்டு, ஆறாம் படிவத்திலும் சேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

பெரிய பெயருள்ள இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் காலடியில் இருப்பது தெரியாது. சி ரூசாவிலேயே கடற்கரைச் சாலையில், 14-ஆவது கிலோமீட்டரில் போர்ட்டிக்சன் பொலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்தவர் அங்கே பொறியியல், வணிகத் துறைகளில் டிப்ளோமா படித்து, நல்ல சராசரியோடு அதே யூ.பி.யூ. வழியே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே போய்வரும் தூரம் என்பது தோட்டத்துக் குடும்பத்துக்குச் சிறிய காரியமல்ல. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குச் சிரம்பானில் ராஜா மெலேவார் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது.

இனிச் செலவு. உயர்கல்விக் கடனை 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். வழங்குகிறது, ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம். இதற்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். சில அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் யூ.பி.யூ.வுக்கு வெளியே நேரடிச் சேர்க்கையும் உண்டு. பெயர் அதேதான், கட்டணம் மட்டும் பல மடங்கு. கடிதம் வந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடுமுன் மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. யூ.பி.யூ. வழி மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. பிறப்புப் பத்திரத்தில் பிழை, பெற்றோர் திருமணப் பதிவு இல்லாமை, சிவப்பு அடையாள அட்டை என்று நம் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இது ஆறாம் படிவ முடிவு வந்தபின் ஓடித் தீர்க்கிற வேலையல்ல. பிள்ளை இடைநிலைப்பள்ளியில் காலடி வைக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போங்கள்.

முடிவு வந்து இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குச் சில நாள் அவகாசம்தான். அந்த நாள்களில் பிள்ளையைக் கோலாலம்பூருக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கைப்பேசியில் பணம் இருக்கட்டும், கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள். மேல்முறையீட்டில் காலி இடமுள்ள துறைகளைத்தான் கேட்க முடியும் என்பதால், முதலில் எழுதிய பெரிய துறைகளையே திரும்ப எழுதாமல், இடம் இருக்கிற துறைகளின் பட்டியலைப் பள்ளி ஆலோசக ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள்.