'நயங்காட்டி' அழைத்தவர் யார்? விவிலியச் சொல் ஒன்றின் பொருள்

ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார் என்ற வரி நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பண மோசடியோ, பெண்ணை ஏமாற்றிய வழக்கோ, அந்த வரியைப் படித்த மாத்திரத்தில் குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பது தெரிந்துவிடும். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலும் இதே பொருள் தரும் சொல் ஒன்று உண்டு. அதன் வேர் 'பாத்தா'. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பாவிகள் அதைச் செய்கிறார்கள். கடவுளும் அதைச் செய்கிறார்.

தமிழில் பைபிள் வாசிப்பவர்கள் இதை எபிரேயம் தெரியாமலேயே கண்டுகொள்ளலாம். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-இல் வெளிவந்த பழைய திருப்புதலில், நீதிமொழிகள் 1:10-ஐத் திறந்தால் பாவிகள் இளைஞனுக்கு 'நயங்காட்டுகிறார்கள்'. தகப்பன் அவனை எச்சரிக்கிறான். ஓசியா 2:14-ஐத் திறந்தால், தன்னை விட்டு விலகிப்போன இஸ்ரவேலுக்குக் கடவுள் 'நயங்காட்டி' வனாந்தரத்துக்கு அழைத்துப் போகிறார். மூலத்தில் ஒரே சொல். தமிழிலும் ஒரே சொல். மொழிபெயர்ப்பாளர்கள் நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். தமிழில் 'நயம்' என்றால் இனிமை, நேர்த்தி. அதே நயத்தோடுதான் 'நயவஞ்சகம்' என்ற சொல்லும் பிறந்திருக்கிறது.

இந்த வேரிலிருந்து வரும் பெயர்ச்சொல் 'பெத்தி'. பழைய திருப்புதல் இதைப் பெரும்பாலும் 'பேதை' என்று தருகிறது. நீதிமொழிகள் நூலில் பேதை என்பவன் கெட்டவன் அல்ல. எவர் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறவன், மனக்கதவைத் தாழிடத் தெரியாதவன். சங்கீதம் 116:6 இவர்களையே கடவுள் காப்பாற்றுகிறார் என்கிறது. அங்கே தமிழில் 'கபடற்றவர்கள்' என்று வருகிறது. ஆக, 'பாத்தா' என்பது இப்படித் திறந்து கிடக்கும் மனத்தைத் தன் பக்கம் இழுப்பது. நம் பேச்சுவழக்கில் நைச்சியமாகப் பேசி மசிய வைப்பது என்றால் கிட்டத்தட்டப் பொருந்தும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் வேறு திசையிலிருந்து வருகிறது. யாக்கோபு 1:14-இல் வரும் 'தெலெயாட்சோ', தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மீனுக்கு இரையால் நன்மை ஏதும் இல்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு முகம்தான். எபிரேயச் சொல் அப்படி ஒரு முகத்தோடு நிற்பதில்லை.

சிம்சோனின் கதையில் இச்சொல் இரண்டு முறை வருகிறது. திம்னாத் ஊர்ப் பெண்ணிடம் பெலிஸ்தர், புருஷனை நயம்பண்ணி விடுகதையின் விடையை வாங்கு, இல்லாவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்துவோம் என்று மிரட்டுகிறார்கள். மயக்குகிறவளே மிரட்டப்பட்டவள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெலீலாளுக்கு மிரட்டல் இல்லை. ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு தருவதாகப் பேரம்.

சட்டத்திலும் இச்சொல் உண்டு. யாத்திராகமம் 22:16-இன்படி, நிச்சயிக்கப்படாத கன்னிப்பெண்ணை ஒருவன் இப்படி மயக்கிச் சேர்ந்தால், பரிசப்பணம் கொடுத்து அவளை மணக்க வேண்டும். தகப்பன் பெண்ணைத் தர மறுத்தாலும் பணத்தைக் கட்டியே ஆக வேண்டும். அவள் சம்மதித்தாளே என்று சொல்லித் தப்ப முடியாது. சம்மதம் பெறப்பட்ட விதத்துக்கு அவன்தான் பொறுப்பு.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஓசியாவின் துணிச்சல் புரியும். அதே நூலின் 7:11-இல் எப்பிராயீம் ஒரு பேதைப் புறா. ஒரு நேரம் எகிப்தைக் கூப்பிடுகிறது, ஒரு நேரம் அசீரியாவுக்கு ஓடுகிறது. அங்கே வருவதும் இதே வேர்ச்சொல்தான். யார் அழைத்தாலும் போய்விடுகிற பெண்ணை, கணவனே ஒரு காதலனைப் போல மறுபடி அழைக்கிறான். கண்டித்தோ கட்டிவைத்தோ அல்ல, அவள் மசியும் அதே வழியில்.

எரேமியாவிடம் வரும்போதுதான் சொல் கனக்கிறது. தேவாலய அதிகாரி பஸ்கூர், தீர்க்கதரிசியை அடித்து, பென்யமீனின் மேல்வாசலில் இரவு முழுக்கத் தொழுமரத்தில் பூட்டி வைக்கிறான். மறுநாள் விடுதலை. பிறகு வரும் புலம்பலில் (20:7) எரேமியா கடவுளைப் பார்த்தே 'பாத்தா' என்கிறார். பழைய திருப்புதல் 'இணங்கப்பண்ணினீர்' என்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியமோ 'ஏமாற்றிவிட்டீர்' என்கிறது. முன்னது பக்தியோடு மெழுகுகிறது. பின்னது குற்றச்சாட்டை அப்படியே வைக்கிறது. ஆனால் ஏமாற்றுவதில் பொய் இருக்க வேண்டும். அழைத்த அன்றே எதிர்ப்பு வரும் என்று கடவுள் எரேமியாவிடம் சொல்லியிருந்தார். ஆகவே அங்கேயும் பொருத்தம் முழுமையாக இல்லை.

யூத அறிஞர் ஏபிரகாம் ஜோஷுவா ஹெஷல், 1962-இல் வெளியான 'தி புரோஃபட்ஸ்' நூலில், யாத்திராகமச் சட்டத்தின் சொல்லையே எரேமியா எடுக்கிறார் என்று விளக்கினார். அடுத்து வரும் 'நீர் என்னிலும் பலத்தவர்' என்ற முறையீட்டுச் சொல்லும் பெண்ணைப் பலவந்தம் செய்வது பற்றிய சட்டத்தில் வருவது. இவ்வளவு தூரம் போக எல்லா அறிஞர்களும் உடன்படுவதில்லை.

அவர்களும் ஒதுக்க முடியாத இன்னொரு தடயம் இருக்கிறது. மயக்குவது, மேற்கொள்வது என்ற இரண்டு வினைகளும் எரேமியாவின் முறையீட்டில் ஜோடியாக வருகின்றன. இதே ஜோடி தெலீலாளிடம் பேசிய பெலிஸ்தர் வாயிலும் உண்டு. 1 இராஜாக்கள் 22-இல், ஆகாப் ராஜாவை ராமோத்தில் சாகவைக்க 400 தீர்க்கதரிசிகளின் வாயில் பொய்யின் ஆவி அனுப்பப்படும் காட்சியிலும் உண்டு. தமிழில் அங்கே 'போதனைசெய்து' என்று மாறிவிட்டதால் தொடர்பு தெரியாமல் போகிறது. எரேமியாவின் பயம் இதுதான்: அந்த 400 பேரில் ஒருவனாகத் தன்னையும் ஆக்கிவிட்டாரோ? சொன்ன அழிவு இன்னும் வரவில்லை, ஊர் சிரிக்கிறது. மூன்று வசனங்கள் தள்ளி, அவருடைய நண்பர்களே அவரை மசியவைத்து மேற்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். அங்கும் அதே இரண்டு வினைகள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று முயன்றும் அவரால் முடியவில்லை. வார்த்தை எலும்புகளுக்குள் அடைபட்ட நெருப்பாகிறது. இடையில் ஒரு துதி, பிறகு தான் பிறந்த நாளுக்கே சாபம். அத்தோடு அதிகாரம் முடிகிறது. கடவுளின் பதில் எதுவும் அங்கே எழுதப்படவில்லை. அடுத்த அதிகாரம் சிதேக்கியா ராஜா அனுப்பிய ஆட்களோடு தொடங்குகிறது.