புத்தாடையும் நிலைத்த மகிழ்ச்சியும்

தீபாவளி அணுகிற்றெனில் யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடைகளிற் கால்வைக்க இடமிராது. தோட்டை அடகுவைத்துச் சேலை வாங்குவாரையும் நாம் கண்டுள்ளோம். அச்சேலை தரும் மகிழ்ச்சி எத்தனை நாள் நிலைக்கும்?

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டிற் பெரும்பணம் பெற்ற 22 பேரைப் பற்றிய ஆய்வொன்று 1978இல் வெளிவந்தது. பரிசு பெறாத அயலவரினும் அவர்கள் மிகுந்த மகிழ்ச்சியுடையராய் இருந்தாரல்லர். காலையுணவு, நண்பரோடு உரையாடல் முதலாய அன்றாட இன்பங்களில் அவர்கள் கண்ட சுவையோ அயலவர் கண்டதினுங் குறைவு. ஆய்வாளர் வினாவிய அவ்வின்பங்களுள் உடை வாங்குதலும் ஒன்றென்பது வேடிக்கையே!

சிறுவயதில் உடுத்த தீபாவளிப் புத்தாடைகளுள் ஒன்றேனும் இன்று எமக்கு நினைவில்லை. விடியுமுன் அப்பாச்சி எம் உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்த கையின் சூடு மட்டும் இன்னும் நீங்கவில்லை.