சாப்பாடு மாறவே இல்லை

கேன்டீன் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை என்று ஒரு பெண் தொழிலாளி பேட்டி எடுத்தவரிடம் கொட்டித் தீர்த்தார். சில நாள் கழித்து அவரையே வழியில் பார்த்து நன்றி சொன்னார்: சொன்ன உடனே சரிபண்ணிவிட்டீர்களே! உண்மையில் சமையலில் எதுவும் மாறியிருக்கவில்லை.

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை இது. தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை. 1928-ல் அங்கே தொழிலாளர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் பேட்டிகள் 21,000-ஐத் தாண்டின. முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. கேட்டது ஒன்று, அவர்கள் பேசியது வேறொன்று. கடைசியில் பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, வருகிறவர் போக்கிலேயே பேசவிட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமானது.

காது கொடுத்தாலே பாதி மனக்குறை தீரும் என்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ கொஞ்சம் பயமாக இருக்கிறது. சாப்பாட்டை மாற்றாமலே ஆளைச் சமாதானப்படுத்தலாம் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துபோனதே!

ஒன்றரை மணி நேரம் கேட்க இன்று யாருக்குப் பொழுது இருக்கிறது? 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த ஐந்து படி அளவுகோல் கைகொடுக்கிறது. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகம் ஒன்றிலும் அப்படியொரு படிவம் வந்தது. பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். பிரிவு, வயது, சேர்ந்த ஆண்டு மட்டும் கேட்டார்கள். எங்கள் பிரிவில் மொத்தமே நாலு பேர். நாலு பேரும் எல்லாவற்றுக்கும் 'உடன்படுகிறேன்' என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டோம்.

கேள்வியே வேறாக இருந்தால்? லண்டன் வொயிட்ஹால் அரசு ஊழியர்களை 1967 முதல் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் நிலையான உத்தியோகம், மேஜை வேலைதான் அதிகம். ஆனால் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப் பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும்பகுதிக்கு விடை கிடைக்கவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், ஆண்களும் பெண்களுமாக 10,308 பேரிடம், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்பதோடு நிற்காமல், உங்கள் வேலையில் உங்கள் சொல் எவ்வளவு செல்லும் என்றும் விசாரித்தார்கள். எப்போது ஓய்வெடுப்பது என்பதை நீங்களே முடிவுசெய்கிறீர்களா என்பதுகூட அதில் உண்டு.

தன் கையில் எதுவும் இல்லை என்றவர்களுக்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் இதய நோய் கூடுதலாக வந்தது. புலம்புகிற சுபாவம் உள்ளவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அதே பணியிடங்களை மேலாளர்களைக் கொண்டு தனியாக மதிப்பிடச் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது.

எங்கள் நாலு பேருக்கும் வந்த படிவத்தில் ஓய்வு நேரம் பற்றிக் கேள்வி இல்லை. கேன்டீன் சாப்பாட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள்.