செங்கடலில் அறுந்தால் லப்பைக்குடிக்காட்டில் தெரியும்

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. வளைகுடாவில் சம்பாதிக்கும் ஆண்கள் நிறைந்த ஊர். இங்கே இரவு பத்து என்றால் துபாயில் எட்டரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய அத்தாவோடு பிள்ளைகள் பேசும் நேரம் அது. பேசுவது வாட்ஸ்அப்பில் அல்ல, ‘போட்டிம்’ செயலியில். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை. உரிமம் பெற்ற செயலிகளுக்கு மட்டுமே அனுமதி. கேபிள் ஊரை இணைத்துவிடும். பேச விடுவதா என்பதை அந்தந்த அரசுதான் முடிவு செய்யும்.

2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில், ஜெத்தா அருகே, கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியா, பாகிஸ்தான், அமீரகம் என வரிசையாக இணையம் மந்தமானது. வீட்டில் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அறுந்தவற்றில் ஒன்று சீ-மீ-வீ 4. சிங்கப்பூரில் கிளம்பி, சென்னையையும் மும்பையையும் தொட்டு, பிரான்ஸின் மார்செய் வரை சுமார் 18,800 கிலோமீட்டர் ஓடும் இந்தக் கேபிளை 16 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டாகப் பணம் போட்டு 2005இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை நான்கின் நிறுவனங்களும் இதில் பங்காளிகள். எல்லையில் முகம் கொடுத்துப் பேசாத நாடுகள் கடலுக்கடியில் ஒரே கண்ணாடி இழையைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன!

சென்னைக்குக் கடலடிக் கேபிள் புதிதல்ல. 1870-71இலேயே மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் போட்டாயிற்று. பினாங்குக்கு எதிர்க்கரைதான் கடாரம். அங்கே கடற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரமோ அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம்! கடலடித் தந்திக் கேபிள்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கி, 1884இல் பாரீஸில் பல நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இன்றைய கடல் சட்டமும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

தரையில் நம் பக்கத்து வில்லன் ஜேசிபி. சாலை வேலையில் அதன் பல் பட்டுக் கேபிள் அறுந்தால், ஸ்ப்ளைசிங் ஆள் வந்து குழியோரம் உட்காருவார். உறையை உரித்து, முடியளவு இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, இரு முனைகளையும் பெட்டிக்குள் நேருக்கு நேர் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டி, மேலே ஒரு ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டினால் இணைப்பு வந்துவிடும். பழுதுபார்க்கும் கப்பலின் மேல்தளத்திலும் நடப்பது ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் அந்தக் கப்பல் அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டுமே! 2024இல் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, இரண்டு அரசுகள் மல்லுக்கட்டும் ஏமனில் யாரிடம் அனுமதி கேட்பது என்பதே சிக்கலாகி, பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் இழுத்தது. இந்தியக் கடலில் அறுந்தாலும் வெளிநாட்டுக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியக் கொடியேந்திய கப்பல்கள் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஜூனில் பரிந்துரைத்தது. அப்போது நாட்டுக்கு வந்து சேர்ந்த சர்வதேசக் கேபிள்கள் 17.

உள்நாட்டில், பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் தமிழ்நாடு ஃபைபர்நெட் திட்டத்தில் அடக்கம். மின்கம்பங்களில் தொங்கிக்கொண்டு ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் போகிறது. அந்த முனை அரசின் கையில் இருக்க, கடல் முனை கைமாறிக்கொண்டிருக்கிறது. கடலடியில் 50,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ‘வாட்டர்வொர்த்’ திட்டத்தை 2025 பிப்ரவரியில் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. அமெரிக்கா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்காவை இணைக்கப் போகும் கேபிள் இது. 16 பேர் கூடி இழுத்த கேபிளில் வங்கதேசத்து அரசுத் துறைக்கும் ஓர் ஓட்டு இருந்தது. முகநூல்காரரின் கேபிளில் அப்படி ஒரு நாற்காலி யாருக்குக் கிடைக்கும் என்று டெல்லி இப்போதே கேட்டு வைப்பது நல்லது. கேபிள் கரையேற இந்தியாவின் அனுமதி வேண்டும். பேரம் பேச அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.