‘குப்பை’ என்று ஒதுக்கியது புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கிறது

புக்கிட் பாத்தோக்கில் வசிக்கும் 62 வயது ஆடவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று அவர் பலதுறை மருந்தகத்துக்குச் செல்கிறார். ரத்தப் பரிசோதனையில் ‘பிஎஸ்ஏ’ எனும் புரதம் அதிகமாக இருப்பது தெரிகிறது. மருத்துவமனையில் ஊசி செலுத்தி, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். புற்றுநோய் இல்லை. ஓராண்டு கழிகிறது. பிஎஸ்ஏ அளவு மட்டும் குறையவில்லை.

மறுபடியும் ஊசியா? அதில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று போன்ற அபாயங்கள் உண்டு. வேண்டாம் என்று விட்டுவிட்டால், முதல் ஊசிக்குத் தப்பிய கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்குமோ என்ற அச்சம்.

பிஎஸ்ஏ புற்றுநோயால் மட்டும் கூடுவதில்லை. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் கூடும், கிருமித்தொற்றாலும் கூடும். இதைவிடத் தெளிவான அடையாளம் உண்டா என்று தேடியவர்களுக்கு, ‘குப்பை’ என்று பலகாலம் ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து ஒரு விடை கிடைத்தது.

சமைக்காத மேற்பார்வையாளர்

மனித உயிரணுவில் உள்ள மரபுச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. டிஎன்ஏவில் உள்ள குறிப்பு முதலில் ஆர்என்ஏ எனும் நகலாக எழுதப்படும். அந்த நகலைப் பார்த்து உயிரணு புரதம் தயாரிக்கும். ஆனால் புரதங்களுக்கான குறிப்பு மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவே. மற்றவற்றில் பெரும்பகுதிக்கு வேலை எதுவும் இல்லை என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது.

அந்தப் பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்என்ஏ நகல்கள் உருவாவது பின்னர் தெரியவந்தது. அவற்றில் 200 எழுத்துகளுக்கு மேல் நீளமாக இருந்தும் புரதம் தராதவற்றை ‘நீண்ட குறியாக்கமற்ற ஆர்என்ஏ’ என்கிறார்கள்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேற்பார்வையாளர் கரண்டியைத் தொடமாட்டார். ஆனால் எந்த அடுப்பை எப்போது பற்றவைப்பது, எதை அணைப்பது என்று சொல்பவர் அவர்தான். இந்த ஆர்என்ஏக்களில் சில அப்படிப்பட்டவை. பெண்களின் உயிரணுவில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைப்பது, 1991ல் கண்டறியப்பட்ட ‘எக்ஸிஸ்ட்’ எனும் இத்தகைய ஆர்என்ஏதான்.

மேற்பார்வை தவறினால் அடுப்பு கட்டுக்கடங்காமல் எரியும். எரிய வேண்டியது அணைந்தும் போகும். புற்றுநோயில் இரண்டுமே நடக்கின்றன.

கெண்ட் ரிட்ஜ் தந்த விளக்கம்

இதை விளக்கும் ஆய்வு ஒன்றில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர்ப் புற்றுநோய் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டேனியல் டெனனும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2013ல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதை வெளியிட்டனர். ரத்த வெள்ளணுக்கள் முதிர்ச்சியடைய ‘சிஇபிபிஏ’ எனும் மரபணு தேவை. மரபணுக்களுக்குப் பூட்டுப் போடும் நொதி ஒன்று உயிரணுவில் இருக்கிறது. சிஇபிபிஏ மரபணுவின் இடத்திலிருந்தே உருவாகும் ஓர் ஆர்என்ஏ, அந்த நொதியைப் பிடித்துக்கொண்டு, பூட்டு விழாமல் காக்கிறது. காவல் இல்லாத இடத்தில் பூட்டு விழும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் இப்படி மூடப்படுவது புற்றுநோய்களில் அடிக்கடி காணப்படும் ஒன்று.

சிறுநீரில் ஒரு தடயம்

புராஸ்டேட் புற்றுநோயில் ‘பிசிஏ3’ எனும் ஆர்என்ஏ மிக அதிகமாக உருவாவது 1999ல் வெளியிடப்பட்டது. மருத்துவர் சுரப்பியை விரலால் அழுத்திப் பார்த்த பிறகு எடுக்கும் சிறுநீரிலேயே அதை அளக்கலாம். ஏற்கெனவே ஊசிச் சோதனை செய்து நோய் தென்படாத, 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மறுசோதனை தேவையா என்று முடிவுசெய்ய உதவும் பரிசோதனையாக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012ல் அதற்கு அனுமதி அளித்தது. இப்போது எம்ஆர்ஐ படமும் அந்த முடிவுக்குக் கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழு 2013ல் இன்னொரு கேள்வியை அணுகியது. எல்லாப் புராஸ்டேட் கட்டிகளும் உயிருக்கு உலை வைப்பதில்லை. வேகமாகப் பரவக்கூடியவற்றில் ‘எஸ்சிஎச்லாப்1’ எனும் ஆர்என்ஏ மிகுந்திருப்பதை அக்குழு காட்டியது. யாருக்குக் கடும் சிகிச்சை, யாரைக் கண்காணித்தால் போதும் என்று பிரித்தறிய இத்தகைய தடயங்கள் வழிகாட்டலாம்.

அவசரப்படவும் கூடாது

‘மாலட்1’ எனும் ஆர்என்ஏ நுரையீரல் புற்றுநோய் பரவுவதோடு தொடர்புடையது என்று 2003ல் கூறப்பட்டது. ஆனால் மார்பகப் புற்றுநோய் பரவுவதை அதுவே தடுப்பதாக, எலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2018ல் காட்டியது. ஓர் இடத்தில் எதிரியாகத் தெரிவது இன்னோர் இடத்தில் காவலாக இருக்கலாம். ஆகவே, ஆர்என்ஏவை அளந்து எல்லாப் புற்றுநோயையும் முன்கூட்டியே சொல்வதாக வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைச் செலவிடுவது விவேகமல்ல.

சாதாரணப் பரிசோதனைகளின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. 50 வயதைத் தாண்டிய இருபாலரும் மலத்தில் ரத்தக்கசிவு உள்ளதா என்று ஆண்டுதோறும் சோதிக்கலாம். 50 முதல் 69 வயது வரையிலான பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பிஎஸ்ஏ சோதனையை எல்லாரும் செய்துகொள்ளத் தேவையில்லை. மருத்துவருடன் கலந்துபேசி முடிவெடுக்கலாம்.

புக்கிட் பாத்தோக் ஆடவருக்கும் வழி அதுவே. “இன்னொரு ஊசி வேண்டுமா?” என்பதோடு, “அதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஏதும் உண்டா?” என்றும் அவர் தம் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.