சந்தையும் இணையமும்: தம்புள்ளை காட்டும் வணிகநெறி

வாணிகம் செய்வோன் தன் இருப்பைப் பிறர் அறியச் செய்தல் வேண்டும் என்பது இக்காலத்துப் புதுக்கருத்தன்று. சங்கநூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்திற் பலவகைக் கொடிகள் பறந்தமையைக் கூறுகின்றது. அந்நகர வணிகர் நடுவுநிலை பிறழாது, அளவிற் குறைவு செய்யாது, விலையை மறையாது உரைத்து விற்றனர் என்றும் அந்நூல் போற்றுகின்றது. கொடி இடத்தைக் காட்டிற்று. வாய்மை வாங்குவோனை மீண்டும் அழைத்தது. இவ்விரண்டின் சேர்க்கையே வணிகனின் நற்பெயர் ஆகும். இன்று அக்கொடி இணையவெளியிற் பறக்கின்றது. அதனை நாட்டும் முறையையும் அதன் பயனையும் ஆராய்தற்குத் தம்புள்ளை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த தம்புள்ளை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் நெடுஞ்சாலையும் அம்பேபுசையிலிருந்து திருக்கோணமலை செல்லும் நெடுஞ்சாலையும் கூடுமிடத்தில் அமைந்தது. 1991ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட குகைக்கோயிலால் அது வெளிநாட்டார்க்கு அறிமுகமாயிற்று. உள்நாட்டு மக்களுக்கோ, 1999ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையமே அதன் சிறப்பாகும். மலைநாட்டுக் கரட்டும் லீக்சும், வறண்ட வலயத்துப் பூசணியும் பெரிய வெங்காயமும் அங்கே வந்து கைமாறிப் பல திசைகளுக்கும் லொறிகளிற் செல்கின்றன.

இச்சந்தைக்கு வரும் கமக்காரனின் இடர்ப்பாடு நோக்கற்பாலது. தன் மூடைகளின் நிறையை அவன் அறிவான். அவை அன்று பெறப்போகும் விலையை அறியான். மரக்கறியோ அழியும் பொருள். லொறிக் கூலியும் கொடுத்தாயிற்று. சந்தையை அடைந்தபின் விலை தாழ்ந்திருப்பினும் திரும்பிப் போதல் இயலாது. ஆதலின் சொன்ன விலைக்கு உடன்படுகின்றான். தம்புள்ளைச் சந்தைக்கு விளைபொருள் வழங்கும் பகுதிகளை ஆராய்ந்த லேர்ன்ஏசியா நிறுவனத்தார், பயிரிடத் தீர்மானிப்பது முதல் விற்பது வரை கமக்காரர்க்கு உண்டாகும் மொத்தச் செலவில், செய்தி தேடுவதற்கே நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கு செல்கின்றது எனக் கண்டனர். அறியாமைக்கும் ஒரு விலை உண்டு என்பது இதனாற் புலனாகும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் ‘கொவி ஞான சேவா’ ஒன்றாகும். இது தம்புள்ளைச் சந்தையில் விலைகளை உடனுக்குடன் திரட்டி வெளியிட முனைந்தது. பின்னர் 2009ஆம் ஆண்டின் இறுதியில் டயலொக் நிறுவனம் ‘டிரேட்நெட்’ என்னும் சேவையைத் தொடங்கி, விலைச்செய்தியைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுசேர்த்தது. இத்தகைய செய்தியின் வலிமையைக் கேரளக் கடற்கரையும் மெய்ப்பித்துள்ளது. 1997 முதல் 2001 வரை அங்கே கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியதன் விளைவை ஆராய்ந்த றொபேட் ஜென்சன், மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 பங்கு உயர, நுகர்வோர் கொடுக்கும் விலை 4 பங்கு தாழ்ந்தது என 2007ஆம் ஆண்டில் எழுதினார். விலைபோகாது வீணாகும் மீனும் இல்லாதொழிந்தது. செய்தி பரவுமிடத்து விற்பவனும் வாங்குபவனும் ஒருங்கே நயமடைதல் கூடும் என்பது இதன் கருத்து.

இவ்வுண்மையே தனியொரு வணிக நிலையத்துக்கும் பொருந்துவதாகும். இணையத்தில் இருப்பு என்பது ஆரவாரமன்று; தேடுவோனுக்கு மெய்யான செய்தி தடையின்றிக் கிடைத்தலே அதன் பொருள். தேடுபொறிகள் இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்துச் சொல்லடைவு செய்து வைக்கின்றன. அண்மையிலுள்ள கடையையோ விடுதியையோ ஒருவன் தேடும்போது, கேட்ட பொருளுக்கு இயைபு, இடத்தின் தூரம், நிலையத்தின் புகழ் ஆகிய மூன்றையும் கருதிக் கூகிள் விடையை வரிசைப்படுத்துகின்றது. தூரத்தை வணிகன் மாற்ற இயலாது. ஏனைய இரண்டும் அவன் முயற்சிக்கு உட்பட்டவை.

முதலாவது, பெயர், முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியன எல்லாப் பக்கங்களிலும் ஒரே வடிவில் அமைதல் வேண்டும். கூகிள் வரைபடத்தில் நிலையத்தைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, மொழி. தம்புள்ளை என்றும் தம்புள்ள என்றும் எழுதுவார் உளர். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுவார் பலர். ஒரு மொழியில் மட்டும் எழுதிய பலகையைப் பிறமொழியாளர் காணாது கடப்பர். ஆதலின் மும்மொழியிலும் செய்தி வேண்டும். மூன்றாவது, முகநூற் பக்கம் பிறர் நிலத்திற் போட்ட பந்தலை ஒக்கும். நிலத்துக்குரியோர் விதியை மாற்றின் பந்தல் சாயும். தனக்குரிய இணையத்தளம் ஒன்று இருத்தல் நன்று. 2010ஆம் ஆண்டிலிருந்து ‘.இலங்கை’ என முடியும் தமிழ் முகவரியும் நடைமுறைக்கு வந்துள்ளது. நான்காவது, விலை குறிப்பின் நாளையும் உடன் குறித்தல். நேற்றைய வெங்காய விலையை இன்றைய விலையாகக் காட்டும் பக்கம், பக்கமே இல்லாமையினும் தீது.

புகழைக் கூலிக்கு எழுதுவித்தல் சிலரிடங் காணப்படும் வழக்கம். பொய்ப்பாராட்டை நம்பி வந்தவன் ஏமாந்து எழுதும் குறையோ நெடுநாள் நிற்கும். குறைகூறியவனுக்குப் பணிவுடன் விடையிறுத்துத் தவற்றைத் திருத்துதலே நிலைத்த விளம்பரமாகும்.

எனினும் செய்தி ஒன்றே எல்லாவற்றையும் நிறைவு செய்யாது. நாளை விலை ஏறும் என அறிந்தவனும், பொருளைக் காத்துவைக்க இடமில்லையேல் இன்றே விற்றாக வேண்டும். இந்திய உதவியுடன் 5,000 தொன் கொள்ளளவில் தம்புள்ளையில் அமைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்ட வெப்பநிலை கட்டுப்படுத்திய களஞ்சியம் இத்தேவையை ஒட்டியதே. அறிவும் அதன்வழி ஒழுகுதற்கான வசதியும் ஒன்றுசேருமிடத்தே பயன் விளையும்.

கொடி உயர்ந்தது கண்டு வருவோர் ஒருமுறை வருவர். துலாக்கோலின் நேர்மை கண்டோர் மறுமுறையும் வருவர். இணையம் கொடியை மட்டுமன்றித் துலாக்கோலையும் உலகறியக் காட்டிவிடுகின்றது. ஆகவே அதிற் புகும் வணிகன் முதலிற் செம்மை செய்யவேண்டியது தன் துலாக்கோலையே ஆகும்.